ஆள் பரீட்சை

மழை பிடித்துக்கொண்டால், மாடி வீட்டுக்குக் கீழே இருந்த அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாய் வந்து இறங்கிய படுக்கை விரிப்புகள், துவைத்து முடித்தும் காயாமல் உயிரை வாங்கும். கொடியில் இடமில்லாமல் நாற்காலி முதுகு, மாடிப்படிக் கைப்பிடி, கதவுகள் என்று கண்ட இடத்திலெல்லாம் தொங்கும். வீட்டு ஆட்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே திருடர்களைப் போலக் குனிந்து குனிந்து நடப்பார்கள். உலர்த்தும் மெஷின் விடாமல் ஊளையிடும். சோப்பு வாடை குடிக்கிற தேநீர் வரைக்கும் வந்துவிடும்.

அப்படி ஒரு நாளில்தான் சித்தப்பா விரித்த குடையோடு உள்ளே நுழைந்து, சொட்டச் சொட்ட நின்றபடி, அண்ணன் மகள் எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

"மெஷின் பரீட்சைதான் அண்ணே. வேற பேச்சுக்கே இடமில்ல."

"குடைய வெளிய வச்சிட்டு வாங்க. இப்பதான் தொடச்சேன்," என்றாள் அம்மா. சூடான உருளைக்குள் விரிப்பின் ஓரத்தை விட்டுக்கொண்டிருந்த அவள் தலையை நிமிர்த்தவில்லை. மறுபக்கம் சுருக்கம் போய் வெளியே வருவதை அப்பா வாங்கி மடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் மூலையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு தலையணை உறையில் இருந்த மருந்துக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேதியியல் படித்தவள். சாயங்களைப் பற்றி மேலே படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆங்கிலம் தெரியும் என்று ஒரு பரீட்சை எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. எழுதவும் படிக்கவும் அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. பேசுவதில்தான் சிக்கல். அது ஆங்கிலத்தின் சிக்கல் இல்லை. எந்த மொழியானாலும் சொல்லின் முதல் எழுத்து அவள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் அதற்குத் திக்குவாய் என்று யாரும் பெயர் சொன்னதில்லை. "அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்" என்பார்கள். கூச்சமாம்! அவளிடம் கூச்சம் மருந்துக்கும் கிடையாது. மனதுக்குள் அவள் பேசுகிற பேச்சுக்கு எந்தத் தடையும் இல்லை. அங்கே அவள் ஒவ்வொருவரையும் துவைத்துப் பிழிந்து காயப்போடுவாள், முக்கியமாகச் சித்தப்பாவை.

சித்தப்பா வீடு வீடாகப் போய்க் குடிநீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறவர். பேச்சுதான் பிழைப்பு. அவர் பையன் வெளிநாட்டில் இருந்தான். அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டால் மட்டும் அவருக்குப் பேச்சு வராது. "செட்டில் ஆயிட்டான்" என்று முடித்துக்கொள்வார். பெரியவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். அவள் வாயெடுத்தால் காதருகே கையைத் திருகி, "இரு, இரு, ஸ்டேஷன் கெடைக்குது" என்பார். சின்ன வயதில் அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

ஏற்றுக்கொள்ளப்படும் பரீட்சைகள் மூன்று இருந்தன. ஒன்றில் கணினியைப் பார்த்துப் பேச வேண்டும். அது மெஷின் பரீட்சை. இன்னொன்றில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். அது ஆள் பரீட்சை. மூன்றாவதை வீட்டிலிருந்தபடியே எழுதலாம். அது வீட்டுப் பரீட்சை.

"கேளுங்க அண்ணி. மெஷினுக்கு என்ன, கண்ணா மூக்கா? நம்ம பொண்ணு நின்னு நின்னு பேசினாலும் அது சிரிக்காது. ஆள் முன்னாடி உக்கார வச்சா அவன் என்ன நினைப்பான்? பாவம்னு நினைப்பான். பாவம்னு நினைக்கிறவன் மார்க் போடுவானா?"

பெரியவள் கறையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "எனக்கு ஆ… ஆ… ஆ…"

"ஆசைதான், எங்களுக்குத் தெரியாதா? வெளிநாடு போக யாருக்குத்தான் ஆசையில்ல?"

அவள் சொல்ல வந்தது ஆள் பரீட்சை என்று. அந்தச் சொல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. எவ்வளவு தாராளம் இவருக்கு, என்று நினைத்துக்கொண்டாள். தன்னிடம் இருக்கிற சொல்லெல்லாம் போதாதென்று அடுத்தவர் வாயில் இருப்பதையும் எடுத்துச் செலவழிக்கிறார்.

"சரிடா, எங்க சேக்கணும்?" என்று கேட்டார் அப்பா.

சேர்த்தார்கள். சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் பயிற்சி மையம் வைத்திருந்தார். கழுத்துப்பட்டை கட்டி, தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி அணிந்த கோச்சிங்காரர். மாடி ஏறியதும் ஒரு நீண்ட அறை. கோழிக்கூண்டு மாதிரி தட்டித் தட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பையனோ பெண்ணோ, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உச்சக்குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம்: இந்தப் படம் மிகவும் பயனுள்ள தகவல்களைத் தருகிறது, இதைக் கவனமாக ஆராய்ந்தால் பல உண்மைகள் புலப்படும். பெரியவள் ஒரு பையனின் திரையை எட்டிப் பார்த்தாள். படத்தில் ஒரு மாடு நின்றது.

கோச்சிங்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் திரும்பினார்.

"பொண்ணுக்குக் காது கேக்குமா?"

"நல்லா கேக்கும். கூச்சம், அவ்வளவுதான்."

"அப்ப கவலைய விடுங்க. இங்க அர்த்தமெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. ஓட்டம்தான் முக்கியம். வாய் நிக்காம ஓடணும். என்ன சொல்றோம்னு மெஷினுக்குத் தெரியவா போகுது?"

அதற்காகவா ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த கூண்டுக்குப் போயிருப்பார்.

கூண்டுக்குள் உட்கார்ந்தாள். மெஷின் கேள்வி கேட்டது. பீப் என்றது. அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து மாட்டிக்கொண்டது. உதடு இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, அது வெளியே வரப் பார்த்த நேரத்தில் திரையில் எழுத்து வந்தது: பதிவு முடிந்தது. கொஞ்சம் மௌனம் நீண்டால் போதும், இவளிடம் சொல்ல எதுவும் இல்லை என்று அதுவே முடிவு செய்துவிடுமாம். சித்தப்பா சொன்னது சரிதான். மெஷின் சிரிக்கவில்லை. முகத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.

"அதுக்கும் ஒரு வழி இருக்கு," என்றார் கோச்சிங்காரர். "மாட்டிக்கிச்சுன்னா சும்மா இருக்காத. ம்ம்ம்னு முனகிக்கிட்டே இரு. பேச்சுன்னு நினைச்சு அது பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும்."

முனகிப் பழகினாள். இதற்குக் கட்டணம் வேறு வாங்குகிறான் என்று திட்டிக்கொண்டே பழகினாள். வீட்டில் விரிப்புகளை மடிக்கும்போதும் ம்ம்ம். மாடியில் அம்மா, "மெஷின்ல எதாவது மாட்டிக்கிச்சா பாருங்க, ஒரு மாதிரி சத்தம் வருது" என்று அப்பாவை அனுப்பினாள். அவர் உலர்த்தும் மெஷினைத் திறந்து, துணியையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுத் தேடினார். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கைக்காரி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அருவி. அந்த அருவியில் ஒரு மீன்கூட இருக்காது என்பது அக்காவின் கணிப்பு.

மாதிரிப் பரீட்சையில் எழுதுவது, படிப்பது எல்லாம் மேலே நின்றது, பேசுவது தரையில் கிடந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் தரை.

ஒரு நாள் மருத்துவமனைக்குத் துணி கொண்டுபோகும்போது வேனில் அவள் அப்பாவிடம் கேட்டாள். வேனை ஓட்டும்போது அப்பா ரோட்டை மட்டும் பார்ப்பார் என்பதால் அவளுக்கு அங்கே பேசுவது கொஞ்சம் சுலபம்.

"அப்பா. நான் ஆ… ஆ… ஆள் பரீட்சை எழுதறேன்."

அப்பா நடுவில் புகவில்லை. அவர் எப்போதுமே புகுந்ததில்லை. அவள் முடிக்கிறவரை பொறுத்திருப்பார். இந்த வீட்டில் மனிதர் என்று மதிக்க அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று அவள் வைத்திருந்த மரியாதையே அதனால்தான்.

"முன்ன பின்ன தெரியாத ஆள் முன்னாடி…" என்று இழுத்தார். "உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இ… இல்ல. ஆளு கா… காத்திருப்பாங்க. மெஷின் காத்திருக்காது."

கண்ணாடியில் மழைத்தண்ணீரைத் துடைப்பான் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்மா," என்றார் அப்பா.

பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம்.

அடுத்த வாரம் மழை ஓய்வதாக இல்லை. வழக்கமாகத் துணி கொடுக்கப் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திரும்புவாள். அன்று பாதி வழியில் ரோடு முழுக்கத் தண்ணீர் நின்றதால் ஓட்டுநர் வேனைத் திருப்பிவிட்டார். அப்பா ஏன் இன்று வேறு ஆளை வைத்து வேனை அனுப்பினார் என்று அவள் யோசிக்கவில்லை. நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு மாடியேறி வந்தாள்.

சாப்பாட்டு மேசை மேல் மடிக்கணினி திறந்திருந்தது. அதன் முன்னால் அவளே உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. அவளுடைய பழைய மூக்குக்கண்ணாடி, அவளைப் போலவே நடுவகிடு எடுத்து இறுக்கி வாரிய தலை, அவளுடைய பழுப்புநிறச் சட்டை. சின்னவள். எதிரே சித்தப்பா, ஒத்திகைக்குக் கேள்வி கேட்கிறவராக உட்கார்ந்திருந்தார். சின்னவளின் பின்னால், சுவர் அழுக்காகத் தெரியக் கூடாது என்று, அப்பா ஒரு வெள்ளை விரிப்பை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். துணிக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது.

"எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே சாயங்கள் மேல தணியாத ஆர்வம்," என்று சின்னவள் ஆங்கிலத்தில் பொழிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அவுரி நீலத்துக்கும் அரக்குச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

முதலில் பார்த்தவர் அப்பா. விரிப்பு கொஞ்சம் தாழ்ந்தது.

"அண்ணே, தூக்கிப் பிடிங்க, சுவர் தெரியுது," என்றார் சித்தப்பா. பிறகு அவரும் திரும்பிப் பார்த்தார். பார்த்தும் அசரவில்லை. அதுதான் அவர் தொழில். கதவை முகத்தில் சாத்தினாலும் மெஷினை விற்கிறவர்.

"வா ரேடியோ, நல்ல நேரத்துலதான் வந்த. வீட்டுப் பரீட்சைல ஒரு வசதி பாத்தியா? அடையாள அட்டை, மூஞ்சி, ரெண்டும் பொருந்தினா போதும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே? நீ எழுதற பகுதிய நீ எழுது. பேசற பகுதி வந்தா இவ உக்காருவா. இது தப்பே இல்ல. படிக்கப் போறது நீதானே? உன் அறிவு உன்னோடது. வாய் மட்டும்தான் இவளோடது. ஒரு குடும்பத்துக்குள்ள இதுகூட இல்லன்னா எப்படி?"

"அக்கா, நான் நல்லாதான் பேசறேன், கேளேன்," என்றாள் சின்னவள்.

அடுப்பங்கரையில் அம்மா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. நான் எதுலயும் தலையிடல," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். தலையிடாமல்தான் சின்னவளுக்குத் தலைவாரி விட்டிருக்கிறாள். அந்த வகிடு அம்மாவின் சீப்பு எடுத்த வகிடு என்று பெரியவளுக்குத் தெரியாதா?

அவள் யாரையும் பார்க்காமல் அப்பாவை மட்டும் பார்த்தாள்.

"உனக்காகத்தான்மா," என்றார் அப்பா. விரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். "நீ யார் முன்னாடியும் போய் நின்னு… அவமானப்பட வேண்டாமேன்னுதான்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக அப்பா நடுவில் புகாமல் இருந்தது மரியாதையால் இல்லை. வெட்கத்தால். சித்தப்பா வாயைத் திறந்து காட்டிய அவமானத்தை அப்பா வாயை மூடி மறைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இருவரில் யார் மட்டம் என்று அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

"அங்க போ… போ… போனப்புறம்…" என்று தொடங்கினாள்.

"போனப்புறம் எல்லாம் பழகிடும்," என்றார் சித்தப்பா.

அவள் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மு… மு… மு…"

"முடிஞ்சா…"

"மு… முடிக்காதீங்க!"

சித்தப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. பெரியவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் மாட்டியது. மாட்டிய ஒவ்வொன்றையும் அவள் இழுத்து வெளியே போட்டாள். யாரும் பார்வையைத் திருப்பிக்கொள்ளாதபடி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டாள்.

"அங்க போ… போனப்புறம் யா… யாரு பேசுவா? இவளப் பெ… பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போகவா? வா… வாத்தியார் கேள்வி கேட்டா பெட்டியத் தெ… தெறக்கவா? எனக்கு இருக்கறது தி… தி… திக்குவாய். கூச்சம் இல்ல. கூ… கூச்சம் உங்களுக்குத்தான் இருக்கு. எ… என்னப் பாத்து."

உலர்த்தும் மெஷின் கீழே ஊளையிட்டு ஓய்ந்தது. சின்னவள் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

பெரியவள் கீழே இறங்க மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பி, அப்பாவின் கையில் இருந்ததைக் காட்டினாள். "அது ஆ… ஆஸ்பத்திரித் துணி. த… தரையில படுது."

ஆள் பரீட்சைக்கு அவளே பதிவு செய்தாள். தன் பெயரில், தன் முகத்தோடு. உங்களுக்கு ஏதாவது குறைபாடு உண்டா, கூடுதல் நேரம் தேவையா என்று ஒரு கேள்வி வந்தது. இந்த வசதி இருப்பதைப் பற்றிக் கோச்சிங்காரர் மூச்சுவிட்டதில்லை. தெரிந்திருந்தால்தானே! திக்குவாய் என்று பச்சையாக எழுதினாள். துணி கொடுக்கப் போகும் மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம் சான்று வாங்கி இணைத்தாள். பேசும் பகுதிக்குக் கூடுதல் நேரம் தருவதாகப் பதில் வந்தது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இந்தக் கூட்டம் வீட்டுக்குள் நாடகம் போட்டது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சை அன்று அவளோடு யாரும் வரவில்லை. அவள்தான் வர வேண்டாம் என்றாள். காத்திருக்கும் அறையில் இருந்தவர்களெல்லாம் உதட்டை அசைத்து மனப்பாடத்தை மென்றுகொண்டிருந்தார்கள். அவளிடம் மெல்ல எதுவும் இல்லை.

உள்ளே இருந்தவர் அன்பே உருவானவர் என்று சொல்லிவிட முடியாது. கனத்த உடம்பு, ஜலதோஷத்தில் சிவந்த மூக்கு, கையில் கசங்கிய கைக்குட்டை. எப்போது வீட்டுக்குப் போவோம் என்கிற முகம்.

பெயரைக் கேட்டார்.

பெயர்தான் எல்லாவற்றிலும் மோசம். வேறு சொல்லென்றால் பக்கத்துச் சொல்லை மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம். பெயரை எதைக்கொண்டு மாற்றுவது? மாட்டிக்கொண்டது. கழுத்து இறுகியது. அவர் முன்னால் இருந்த தாளில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்து அவரே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. ஒரு தும்மல் போட்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், மறுபடி அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெயர் வந்து சேர்ந்தது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அனுதாபம் இல்லை, அவசரமும் இல்லை. அது அவர் வேலை, செய்தார். இவ்வளவு போதும் என்றுதானே அவள் அத்தனை பேரிடமும் சொல்ல வந்தாள்!

பிறகு ஓர் அட்டையை நீட்டினார். உங்களுக்குத் தெரிந்தவர்களில் நிறையப் பேசுகிற ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசிக்கக் கொடுத்த நேரத்தில் குறிப்புகூட எழுதிக்கொள்ளவில்லை. எழுதவே வேண்டாம். வருஷக்கணக்காக மனதுக்குள் துவைத்து, பிழிந்து, தேய்த்து அடுக்கி வைத்திருந்த சரக்கு.

என் சித்தப்பா தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்கிறார், என்று ஆரம்பித்தாள். தண்ணீரைத் தவிர வேறெதையும் அவர் வடிகட்டியதில்லை. அவரிடம் சொற்கள் அதிகம் என்பதால் மற்றவர்கள் சொற்களுக்கும் அவரே காவல்காரர். மழையில் வந்தாலும் குடையை மடக்குவதற்கு முன் பேச்சைத் திறப்பார். நாற்காலி இல்லாத வீட்டில்கூட அவர் பேச்சு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இப்படியே போனது. நல்ல ஆங்கிலம். அதில் நல்ல விஷம். வரிக்கு வரி திக்கியது. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. ஓர் இடத்தில் எதிரே இருந்தவர் கைக்குட்டையை வாயில் வைத்துக் குலுங்கினார். சிரிப்பா இருமலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க சொல்றத அவர் கேட்பாரா?" என்று கேட்டார்.

"கே… கேட்டதில்லை. இன்னிக்கு நீங்கதான் கே… கேக்கறீங்க," என்றாள்.

முடிவு வந்தபோது எழுதுவதும் படிப்பதும் உயரத்தில் இருந்தன. பேசுவது பல்கலைக்கழகம் கேட்ட கோட்டைத் தொட்டும் தொடாமலும் தொட்டிருந்தது. தொட்டால் போதும்.

சித்தப்பா இனிப்போடு வந்தார். அதே வாய், அதே முகம். "நான்தான் அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேனே அண்ணே, ஆள் பரீட்சைதான் இவளுக்குச் சரின்னு! மெஷினுக்கு என்ன தெரியும், கண்ணா மூக்கா?" என்றார். அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தாள். யாரும் மறுக்கவில்லை. பெரியவளும் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் அந்தப் பேச்சுக்கு ஒரு தகுதி வேண்டும்.

மழை விட்டிருந்தது. பின்பக்க முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா உள்ளே சித்தப்பாவிடம் மாட்டிக்கொண்டதால் அப்பாவும் பெரியவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, நீளவாக்கில் மடித்து, நடந்து வந்து முனையோடு முனையைச் சேர்த்தார்கள். சாப்பாட்டு மேசையில் பிடிபட்ட அந்த நாளுக்குப் பிறகு அப்பா அவளோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியிருக்கவில்லை.

"யாரப் பத்திம்மா பேசச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நி… நிறையப் பேசற ஆளப் பத்தி."

"யாரச் சொன்ன?"

"சி… சித்தப்பாவ."

அப்பா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். உள்ளே கேட்டுவிடப் போகிறதே என்று தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு விரிப்பை எடுத்தார்கள், உதறினார்கள், மடித்தார்கள். முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கும்போது அவர் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப் பத்திக் கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

அவளிடம் பதில் இருந்தது. முழுசாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒன்றுகூட மாட்டாமல் இருந்தது. அவர் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"கே… கேக்கல," என்றாள். "அடுத்தத எடுங்க."